அத்தையும் மாமாவும் அங்கிளும்: நிறுவனக் கட்டமைப்பு பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: சென்னையில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிசினஸ் அனலிஸ்ட்டாக இருந்த என்னைச் சென்ற மாதம் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர், அதாவது நிறுவனக் கட்டமைப்புக் குழுவுக்கு மாற்றினார்கள். டோகாஃப் என்ற நிறுவனக் கட்டமைப்புச் சட்டகத்தின் முறைப்படி எல்லாவற்றையும் ஆவணப்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. படிக்க உட்கார்ந்தால் டெலிவரபிள், ஆர்ட்டிஃபேக்ட், பில்டிங் பிளாக், மெட்டாமாடல், ரெபாசிட்டரி என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாம் ஒன்றையே குறிப்பதுபோலவும் தோன்றுகிறது. மூத்தவர்களைக் கேட்டால் ‘வீடு கட்ட பிளான் போடுவதுபோல’ என்கிறார்கள். அந்த உவமை ஐந்து நிமிடம் துணைக்கு வருகிறது, பிறகு கைவிட்டுவிடுகிறது. இவற்றுக்குள் உண்மையில் என்ன வேறுபாடு? மெட்டாமாடல் எதற்கு? நூலில் சொல்லியிருக்கும் அத்தனை கேட்டலாக்கையும் மேட்ரிக்ஸையும் நிரப்பியே ஆக வேண்டுமா? ஆர்க்கிமேட் என்ற வரைமொழியைத் தனியாகப் படிக்க வேண்டுமா? சான்றிதழ்த் தேர்வை உடனே எழுதச் சொல்கிறார் மேலாளர், எழுதட்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

வீடு கட்டும் உவமை ஏன் உங்களைக் கைவிடுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது இத்துறைக்குள் போகிறபோக்கில் நுழைந்த உவமை அன்று. ஐபிஎம்மில் பணியாற்றிய ஜான் சக்மேன் 1987இல் ‘ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னல்’ இதழில் எழுதிய கட்டுரையில், ஒரே கட்டடத்தைப் பற்றி உரிமையாளரிடமும் கட்டடக் கலைஞரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் வெவ்வேறு வரைபடங்கள் இருப்பதைக் காட்டி, கணினி அமைப்புகளுக்கும் அப்படிப் பல படங்கள் தேவை என்று விளக்கினார். அவர் வலியுறுத்திய நுட்பம் ஒன்று உண்டு. கட்டுபவர் கையில் இருக்கும் படம் உரிமையாளர் பார்த்த படத்தின் விரிவாக்கம் அன்று. அது தன்மையிலேயே வேறான படம். உங்கள் மூத்தவர்கள் சொல்வது அங்கிருந்து வந்தது, அதில் பிழை இல்லை. ஆனால் அது ‘யார் எதைப் பார்க்க வேண்டும்’ என்ற கேள்விக்குப் பொருந்துகிற உவமை. நீங்கள் கேட்பதோ, எதை எந்த வடிவத்தில் எழுதி, எதற்குக் கையெழுத்து வாங்கி, எதை எங்கே எடுத்து வைப்பது என்பது. அதற்கு வீட்டைவிடக் கல்யாண வீட்டுச் சமையற்கட்டு நன்றாகப் பொருந்தும். குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பல ஆண்டுகளாக நான் அதைக் கொண்டுதான் விளக்கிவருகிறேன்.

அதற்குமுன் நீங்கள் படிக்கும் நூலின் அமைப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. டோகாஃப், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய டாஃபிம் என்ற சட்டகத்தை அடிப்படையாகக் கொண்டு 1995இல் முதலில் வந்தது. அதைப் பராமரித்து வெளியிட்டுவருவது தி ஓப்பன் குரூப் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு. டோகாஃபின் நடுவில் இருப்பது ஏடிஎம் (ஆர்க்கிடெக்சர் டெவலப்மென்ட் மெத்தட்) எனப்படும் வேலைமுறை. தொலைநோக்கு, வணிகம், தகவல் அமைப்புகள், தொழில்நுட்பம் என்று தொடங்கி, செயல்படுத்தலும் மாற்ற மேலாண்மையும்வரை எந்தக் கட்டத்தில் என்ன செய்வது என்று அது சொல்கிறது. செய்து முடித்த பிறகு நம் கையில் என்னென்ன இருக்க வேண்டும், அவை ஒன்றோடொன்று எப்படிப் பொருந்த வேண்டும் என்பதை முறையாகச் சொல்லும் உள்ளடக்கச் சட்டகம் 2009இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் சேர்ந்தது. சமையல் செய்முறையும் சமைத்த பண்டமும் எப்படி இரண்டோ, அப்படி ஏடிஎம்மும் உள்ளடக்கச் சட்டகமும் இரண்டு. 2022இல் வந்த பத்தாம் பதிப்பு பகுதிகளை மாற்றி அடுக்கியது, சில பெயர்களையும் மாற்றியது. உங்கள் அலுவலகத்தில் சிலர் பழைய பதிப்பைப் படித்தவர்களாக இருப்பார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம்.

இனிச் சமையற்கட்டுக்கு வருவோம். சமையல் ஒப்பந்தக்காரர் பெண் வீட்டாரிடம் பேசி முடித்ததும் ஒரு தாள் எழுதித் தருகிறார். முந்தின நாள் இரவு டிபன் 200 இலை, மறுநாள் காலை டிபன் 300 இலை, முகூர்த்தச் சாப்பாடு 500 இலை, இன்னின்ன பதார்த்தங்கள், இலைக்கு இவ்வளவு ரூபாய், பரிமாறும் ஆட்கள் யாருடையவர்கள், பாத்திர வாடகை யார் பொறுப்பு, முன்பணம் எவ்வளவு என்று அதில் இருக்கும். பெண்ணின் தகப்பனார் அதைப் படித்து, வேண்டிய மாற்றம் சொல்லி, ஒப்புக்கொள்கிறார். அந்தத் தாள்தான் டெலிவரபிள். அதன் அடையாளம் அதன் நீளமோ வடிவமோ அன்று. முன்கூட்டியே தருவதாக ஒப்புக்கொள்ளப்பட்டது, உரியவர்கள் பார்த்துச் சரி என்று கையெழுத்திடுவது என்ற இரண்டும்தான். உங்கள் நூலில் வரும் ஆர்க்கிடெக்சர் டெஃபினிஷன் டாக்குமென்ட், ஸ்டேட்மென்ட் ஆஃப் ஆர்க்கிடெக்சர் வொர்க், ஆர்க்கிடெக்சர் ரோட்மேப் ஆகியவையெல்லாம் இந்த இனம்.

அதே ஒப்பந்தக்காரரின் பையில் வேறு சில தாள்கள் இருக்கும். துவரம் பருப்பு, புளி, மிளகாய் வற்றல், நல்லெண்ணெய் என்று வரிசையாக எழுதிய சாமான் சீட்டு ஒன்று. இடப்பக்கம் பதார்த்தங்களையும் மேலே வேளைகளையும் எழுதி, எந்தப் பதார்த்தம் எந்த வேளைக்கு என்று குறியிட்ட கட்டத்தாள் ஒன்று. பரிமாறுகிற புதுப் பையன்களுக்காக வாழை இலையை வரைந்து, நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம், மேற்பாதியில் உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல், கீழ்ப்பாதியில் சோறு என்று காட்டிய படம் ஒன்று. இவை மூன்றும் ஆர்ட்டிஃபேக்ட்கள்: முதலாவது கேட்டலாக், இரண்டாவது மேட்ரிக்ஸ், மூன்றாவது டயகிராம். சட்டகம் ஆர்ட்டிஃபேக்ட்களை இப்படித்தான் வகைப்படுத்துகிறது. கேட்டலாக்கில் பெயர்கள் இருக்கும். எந்தப் பெயர் எந்தப் பெயரோடு சேர்கிறது என்பது மேட்ரிக்ஸில் இருக்கும். ஒருவருக்குப் புரிய வைப்பதற்காக அவற்றிலிருந்து சிலவற்றைப் பொறுக்கிக் கண்முன் வைப்பது டயகிராம்.

இப்போது டெலிவரபிளுக்கும் ஆர்ட்டிஃபேக்ட்டுக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். பதார்த்தமும் வேளையும் எழுதிய கட்டத்தாள் பெண் வீட்டாரின் ஒப்பந்தத் தாளிலும் இடம்பெறும், சமையல் மாஸ்டரின் சுவரிலும் ஒட்டப்படும். சாமான் சீட்டு மளிகைக் கடைக்குப் போகும். பெண்ணின் தகப்பனாருக்கு அது தேவைப்படவே படாமலும் போகலாம். ஓர் ஆர்ட்டிஃபேக்ட் பல டெலிவரபிள்களுக்குள் வரலாம், ஒன்றிலும் வராமலும் இருக்கலாம். டெலிவரபிளின் ஆயுள் அந்தக் கல்யாணத்தோடு முடிகிறது. கல்யாணம் முடிந்து கணக்குத் தீர்ந்ததும் அது கோப்பில் போய்ச் சேரும். ஆர்ட்டிஃபேக்ட் அடுத்த கல்யாணத்துக்கும் வேலை செய்யும்.

நிறுவனங்களில் நான் அடிக்கடி பார்த்து வருந்துகிற தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. ஒரு திட்டத்துக்காக மாதக்கணக்கில் உழைத்து நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஓர் ஆவணம் எழுதுவார்கள். நிறுவனத்தின் அப்ளிகேஷன் பட்டியல் அந்த ஆவணத்தின் நடுவில் ஓர் அட்டவணையாக உட்கார்ந்திருக்கும், வேறெங்கும் இருக்காது. கையெழுத்தாகும், திட்டம் முடியும், ஆவணம் பரணில் ஏறும், அதோடு பட்டியலும் ஏறிவிடும். அடுத்த திட்டத்துக்கு வேறொரு குழு முதலிலிருந்து அதே பட்டியலைத் திரட்டும். சாமான் சீட்டைக் கல்யாணப் பத்திரிகைக்குள் அச்சடித்துவிட்டு, அடுத்த கல்யாணத்துக்குப் பழைய பத்திரிகையைத் தேடி அலைவதைப் போன்றது அது. ஆகவே பட்டியலைத் தனியாக வையுங்கள். ஆவணத்துக்குள் அதன் அன்றைய நகலை மட்டும் சேருங்கள்.

பில்டிங் பிளாக் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. டெலிவரபிளும் ஆர்ட்டிஃபேக்ட்டும் தாள்கள். பில்டிங் பிளாக் தாள் அன்று. தாள் எதைப் பற்றிப் பேசுகிறதோ அந்தப் பொருள், சமையற்கட்டின் மொழியில் பண்டம். மறுபடியும் பயன்படக்கூடிய, மற்றவற்றோடு சேர்த்து வைக்கக்கூடிய ஒரு கூறு. இதில் இரண்டு வகை உண்டு. ‘இலைக்கு ஓர் இனிப்பு வேண்டும், முந்தின நாளே செய்து வைத்தாலும் கெடக்கூடாது, கையில் ஒட்டக்கூடாது, 500 பேருக்கு இருவர் நின்று பரிமாறி முடிக்க வேண்டும்’ என்று சொன்னால், அது ஆர்க்கிடெக்சர் பில்டிங் பிளாக். இன்ன இனிப்பு என்று அது சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும், எந்தக் கட்டுப்பாடுகளுக்குள் செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. ‘மைசூர்பாகு, நம் மாஸ்டரே போடுவார்’ என்றோ ‘லட்டு, கடையிலிருந்து வாங்கிவிடலாம்’ என்றோ முடிவெடுத்தால் அது சொல்யூஷன் பில்டிங் பிளாக்.

உங்கள் நிறுவனத்தில் ‘வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்தல்’ என்பது முன்னது. அதற்காக விலைக்கு வாங்கிய மென்பொருளோ, உங்கள் ஆட்களே எழுதிய நிரலோ பின்னது. பல நிறுவனங்களில் முன்னதை எழுதாமலேயே பின்னதை எழுதிவிடுகிறார்கள். பெட்டிக்குள் நேராக ஒரு விற்பனையாளரின் பெயர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஏழெட்டு ஆண்டு கழித்து உரிமக் கட்டணம் கட்டுபடியாகாமல் வேறொன்றைத் தேடும்போது, அந்த மென்பொருளை எந்தெந்தத் தேவைக்காக வாங்கினோம் என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. ஒட்டாத, கெடாத இனிப்பு வேண்டும் என்று எழுதி வைத்திருந்தால் மைசூர்பாகுக்கு மாற்றாக என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும். மைசூர்பாகு என்று மட்டும் எழுதியிருந்தால் வேறொரு மைசூர்பாகைத்தான் தேட முடியும்.

ரெபாசிட்டரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழகிய ஒப்பந்தக்காரரிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் பழைய மெனுக்கள் இருக்கும். அவை ரெஃபரன்ஸ் லைப்ரரி. ‘நம்மிடம் நல்லெண்ணெய்தான், வேறு எண்ணெய் கிடையாது’ என்பது போன்ற மாறாத விதிகள் இருக்கும், அவை ஸ்டாண்டர்ட்ஸ். யார் எந்த விதிவிலக்குக்கு எப்போது ஒப்புக்கொண்டார்கள் என்ற குறிப்பு இருக்கும். அது கவர்னன்ஸ் பதிவு. இன்றைய தேதியில் எத்தனை அண்டா, எத்தனை ஆட்கள், எந்த மண்டபத்தில் என்ன வேலை ஓடுகிறது என்ற கணக்கு இருக்கும், அது லேண்ட்ஸ்கேப். பெட்டிக்குள் அறைகள் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே செய்தி. எந்த மென்பொருளை வாங்கி அந்தப் பெட்டியைச் செய்வது என்பது இரண்டாம் பட்சம். தொடக்கத்தில் ஒழுங்காகப் பராமரிக்கும் விரிதாளே போதும்.

மெட்டாமாடலுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டவற்றில் மிக முக்கியமானது இது. இதற்குச் சமையற்கட்டிலிருந்து கூடத்துக்கு, உறவினர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

உங்கள் குடும்பத்தின் வம்சாவளியை ஒரு தாளில் வரைந்தால் அது ஒரு மாடல். அதில் உங்கள் தாத்தாவின் பெயரும் அத்தைமார்களின் பெயர்களும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வரைந்தால் பெயர்கள் எல்லாம் மாறும். ஆனால் இரண்டு தாள்களுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: அத்தை என்றால் அப்பாவுடன் பிறந்தவள், தாய்மாமன் என்றால் அம்மாவுடன் பிறந்தவர், பெரியப்பா என்றால் அப்பாவுக்கு மூத்தவர் என்ற உறவுமுறை. இந்த உறவுமுறையில் எந்தத் தனி மனிதரின் பெயரும் கிடையாது. எத்தனை வகை உறவினர்கள் இருக்க முடியும், எந்த வகை எந்த வகையோடு எந்த வழியாக இணைகிறது என்பது மட்டுமே உண்டு. அதுதான் மெட்டாமாடல். டோகாஃபின் மெட்டாமாடலில் அத்தை, மாமாவுக்குப் பதிலாக ஆக்டர், ரோல், ஃபங்ஷன், பிராசஸ், பிசினஸ் சர்வீஸ், டேட்டா என்டிட்டி, அப்ளிகேஷன் கம்போனென்ட், டெக்னாலஜி கம்போனென்ட் போன்ற வகைகள் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் கோடுகளுக்கும் பெயர்கள் இருக்கின்றன. 2018இல் வந்த 9.2 பதிப்பில் பிசினஸ் கேப்பபிலிட்டி, வேல்யூ ஸ்ட்ரீம் ஆகியவையும் சேர்ந்தன.

இந்த வகைகளில் சில உங்களைக் குழப்பியிருக்கும் என்று ஊகிக்கிறேன். மாப்பிள்ளைத் தோழன் என்பது ரோல். அன்று அதைச் செய்கிற மச்சான் ஆக்டர். சமைத்தல், பரிமாறுதல், கணக்குப் பார்த்தல் ஆகியவை ஃபங்ஷன். விருந்தாளி பந்தியில் உட்கார்வதிலிருந்து இலை எடுக்கும்வரை ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை பிராசஸ்.

ஆனால் உறவுமுறை உவமையின் பயன் இதைவிட ஆழமான இடத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரையும் ‘அங்கிள்’ என்கிறார்கள். பேசுவதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் குழந்தைக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்ற நாள் வரும்போது, ‘அங்கிள்’ என்று எழுதிய முப்பது பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரை அழைப்பது? பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. தொலைபேசி எண் இருக்கிறது. ஆனால் அவர்தான் தாய்மாமன் என்று கண்டுபிடிக்கும் வழி இல்லை. எந்த வேறுபாட்டை நம் சொற்கள் காப்பாற்றுகின்றனவோ அந்த வேறுபாட்டைப் பற்றிய கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். மெட்டாமாடலைத் தேர்ந்தெடுப்பது என்பது எதிர்காலத்தில் எந்தக் கேள்விகளுக்கு நம்மால் பதில் சொல்ல முடியும் என்பதை இன்றே முடிவு செய்வது.

இதை நான் ஒரு டிசம்பர் மாதத்தில் வலியோடு கற்றுக்கொண்டேன். 2021 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் லாக்ஃபோர்ஜே என்ற நிரல் நூலகத்தில் இருந்த பாதுகாப்புக் குறை உலகுக்குத் தெரியவந்தது. ஜாவாவில் எழுதிய மென்பொருள்கள் தம் நிகழ்வுகளைக் குறித்துவைக்கப் பரவலாகப் பயன்படுத்தும் நூலகம் அது. பதிவாகும் வரியில் குறிப்பிட்ட விதமாக அமைந்த ஒரு சரத்தைப் புகுத்தினாலே, வெளியில் இருப்பவர் தம் நிரலை நம் கணினியில் ஓட்டிவிட முடியும் என்ற நிலை. ஆபத்தின் அளவுகோலில் 10க்கு 10 கொடுத்திருந்தார்கள். அப்போது நான் பணியாற்றிய நிறுவனத்தின் தலைமை கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: நம் அப்ளிகேஷன்களில் எவற்றில் அது இருக்கிறது? எங்களிடம் அப்ளிகேஷன் பட்டியல் இருந்தது. எந்த அப்ளிகேஷன் எந்தத் தொழில்நுட்பத்தில் ஓடுகிறது என்ற மேட்ரிக்ஸும் இருந்தது. அதில் ‘ஜாவா’ என்று எழுதியிருந்தது. ஜாவாவுக்குள் எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்ற வகையே எங்கள் மெட்டாமாடலில் இல்லை. எல்லாவற்றையும் ‘தொழில்நுட்பம்’ என்ற ஒரே அங்கிளுக்குள் அடைத்திருந்தோம். அதனால் ஒவ்வொரு குழுவாகத் தொலைபேசியில் அழைத்து, இரவு பகலாக, ஒவ்வொரு சர்வராகத் தேட வேண்டியிருந்தது. அந்த மெட்டாமாடலுக்கு ஒப்புதல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இதிலிருந்து எதிர்த்திசைக்கும் ஓடிவிடக் கூடாது. எல்லா வேறுபாட்டையும் காப்பாற்றுகிறேன் என்று நூறு வகைகளை வைத்தால், நிரப்புகிறவர்கள் களைத்துப் போவார்கள். அரைகுறையாக நிரம்பிய பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். தூரத்து உறவில் ‘பங்காளி’ என்ற ஒரே சொல் போதும் என்று நம் முன்னோர் விட்டுவிடவில்லையா? சடங்கில் இடம் உள்ளவர்களுக்குத்தான் தனிச் சொல். நிறுவனத்திலும் யாரோ ஒருவர் உண்மையாகவே கேட்கப்போகிற கேள்வியோடு தொடர்புள்ள வகைக்கு மட்டுமே தனி இடம் கொடுங்கள். டோகாஃபின் ஒன்பதாம் பதிப்பே மெட்டாமாடலை ஒரு மையப் பகுதி, தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் நீட்டிப்புகள் என்று பிரித்துத்தான் கொடுத்தது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடை இதிலேயே வந்துவிட்டது: எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை. சட்டகத்தை நிறுவனத்துக்கு ஏற்பக் குறைத்தும் மாற்றியும் எடுத்துக்கொள்ளும்படி அந்த நூலே சொல்கிறது. கல்யாண மெனு புத்தகத்தில் எண்பது பதார்த்தம் இருக்கும். யாரும் எண்பதையும் ஓர் இலையில் வைப்பதில்லை. கட்டமைப்பு விவரிப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 42010 சொல்லும் வரிசை எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது. முதலில் இதில் அக்கறை உள்ளவர்கள் யார் என்று பாருங்கள். அடுத்து அவர்களுடைய கவலை என்ன என்று கேளுங்கள். அந்தக் கவலைக்கு விடை தரும் பார்வை எது என்பதைக் கடைசியில்தான் தேட வேண்டும்.

உங்கள் நிறுவனத்துக்கே பொருந்தும் ஒரு கவலையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தன்னைப் பற்றிய தரவைத் திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. வேறு சட்டங்களின்படி வைத்திருக்க வேண்டியவற்றுக்கு நீக்கத்திலிருந்து விலக்கு உண்டு. பாலிசி எடுத்த ஒருவர் தம் முகவரியைத் திருத்தக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முகவரி பாலிசி நிர்வாக அமைப்பில் இருக்கிறது. இழப்பீட்டு அமைப்பில் இருக்கிறது. முகவர்களின் கைபேசிச் செயலியில் இருக்கிறது. குறுஞ்செய்தி அனுப்பும் வெளி நிறுவனத்திடமும் இருக்கலாம். எங்கெல்லாம் என்று சட்டப் பிரிவின் தலைவர் கேட்டால், எந்தத் தரவு எந்த அப்ளிகேஷனில் என்று காட்டும் மேட்ரிக்ஸ் ஒன்றே விடை தரும். எந்த அமைப்பிலிருந்து எந்த அமைப்புக்கு அது போகிறது என்று கேட்டால் இன்டர்ஃபேஸ் கேட்டலாக் வேண்டும். இந்த இரண்டுக்கும் அடிப்படை அப்ளிகேஷன் கேட்டலாக். பெரிய சட்டகத்திலிருந்து மூன்றே மூன்றை எடுத்திருக்கிறோம். மூன்றும் ஒரு மனிதரின் உண்மையான கவலைக்காகப் பிறந்தவை. எந்த அப்ளிகேஷன் எந்த வணிகச் செயல்பாட்டுக்கு உதவுகிறது என்ற மேட்ரிக்ஸை நான்காவதாகவும், தொழில்நுட்ப மேட்ரிக்ஸை நூலகங்களின் பெயர் அளவுக்கு இறங்கி ஐந்தாவதாகவும் வைத்துக்கொண்டால், முதல் ஆண்டுக்கு அதுவே நிறைவான வேலை.

இவற்றைத் திரட்டும்போது பெயர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அழைப்பிதழ்ப் பட்டியலில் அப்பா ‘அம்பத்தூர் மாமா’ என்று எழுதியிருப்பார், அம்மா ‘ரயில்வே மாமா’ என்று எழுதியிருப்பார். இருவரும் ஒருவரே என்று தெரியாமல் இரண்டு பத்திரிகையும் இரண்டு இலையும் கணக்கில் ஏறும். நிறுவனத்தில் ஒரே அமைப்பைக் கிளைக்காரர்கள் ஒரு பெயரிலும், கணக்குப் பிரிவு வேறொரு பெயரிலும், அதை உருவாக்கிய குழு ஒரு சுருக்கெழுத்திலும் அழைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் ஒரு பொறுப்பாளரும் இல்லாத கேட்டலாக்கின் மேல் எந்த மேட்ரிக்ஸும் நிற்காது. அதே காரணத்துக்காகத்தான் படம் வரைவதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறேன். படம் உடனே கண்ணில் படுவதால் மேலாளர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பட்டியல் இல்லாமல் வரைந்த படத்தில் உள்ள பெட்டிகள் வரைந்தவரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன.

சமையல் உவமை பொருந்தாத இடம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இடறுவீர்கள். கல்யாணம் ஒருநாளில் முடிகிறது, நிறுவனம் முடிவதில்லை. எனவே உங்கள் ஒவ்வொரு கேட்டலாக்கிலும் இன்று இருப்பது எது, அடைய விரும்பும் நிலையில் இருக்கப்போவது எது, நடுவில் தற்காலிகமாக இருப்பது எது என்ற காலக் குறிப்பு அவசியம். குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள், எந்தச் சுவர் இன்னும் ஆறு மாதம் நிற்கும் என்று எழுதி வைப்பதைப் போன்றது இது. இந்தக் குறிப்பு இல்லாமல் இன்றைய நிலையும் நாளைய விருப்பமும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது மிகவும் கடினம்.

ஆர்க்கிமேட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நெதர்லாந்தில் 2002இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில் பிறந்து, பிறகு தி ஓப்பன் குரூப்பின் பொறுப்புக்கு வந்த வரைமொழி. எவற்றைக் குறித்துவைக்க வேண்டும் என்று உள்ளடக்கச் சட்டகம் சொல்கிறது. குறித்தவற்றை வரையும்போது எந்த வடிவம் எதைக் குறிக்கும், எந்த அம்புக்கு என்ன பொருள் என்று ஆர்க்கிமேட் சொல்கிறது. இரண்டின் மெட்டாமாடல்களும் நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. ஒன்றின் சொல்லை மற்றதன் பொருளில் பயன்படுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் இருவருக்கு மேல் படம் வரையத் தொடங்கும் நாளில் அதைக் கற்றுக்கொண்டால் போதும்.

தேர்வைப் பொறுத்தவரை, உங்கள் மேலாளரிடம் நான்கு மாத அவகாசம் கேளுங்கள் என்பதே என் பரிந்துரை. அந்த நான்கு மாதங்களில் சட்டப் பிரிவின் தலைவரையும் இழப்பீட்டுப் பிரிவின் தலைவரையும் தனித்தனியாகச் சந்தித்து, அமைப்புகளைப் பற்றி அவர்களுக்கு இன்றுவரை பதில் கிடைக்காத கேள்விகளை அவர்களுடைய சொற்களிலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் கேள்விகளில் வரும் பெயர்ச்சொற்களை அடிக்கோடிட்டால் உங்கள் மெட்டாமாடலின் முதல் வரைவு ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும். அதை வைத்து அப்ளிகேஷன் கேட்டலாக்கையும் தரவு மேட்ரிக்ஸையும் ஒரே ஒரு வணிகப் பிரிவுக்காவது முடித்துவிட்டுப் பாடநூலைத் திறங்கள். பிசினஸ் அனலிஸ்ட்டாக இருந்த ஒன்பது ஆண்டுகளில் அந்த மனிதர்களிடம் கேள்வி கேட்டுப் பழகியிருக்கிறீர்கள். குழுவில் மற்றவர்களுக்கு இல்லாத அந்தப் பழக்கத்தோடு நீங்கள் இந்த வேலைக்குள் வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. முதல் மேட்ரிக்ஸை முடித்ததும், எந்தக் கட்டங்கள் காலியாக நின்றன, அவற்றைப் பற்றி யாரைக் கேட்டும் பதில் கிடைக்கவில்லை என்பதை எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.